சைக்கிளில் இறங்கிய தேனீக் கூட்டம்

கடந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணி. இருட்டிவிடுமே என்ற பயத்தில், ரியூசன் வகுப்பு முடிந்து மகள் சைக்கிளில் வர, பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வருவது என் வழக்கம். அன்று நல்லூரில் அவள் படிக்கும் இடத்துக்குப் போனபோது, அவளுடைய சைக்கிள் கைப்பிடியில் பலாப்பழம் போலப் பழுப்பாக ஏதோ தொங்கியது. உற்றுப் பார்த்தேன், அசைந்தது. தேனீக்கள்!

அதற்கு முன்னால் கைகளை விரித்தபடி நின்றாள் என் மகள். பத்து வயது. போன வருடம் ஒரே ஒரு தேனீ கொட்டி, முகம் வீங்கி, மூச்சு முட்டி, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அதன்பிறகு பூச்சி என்றாலே அலறுவாள். அந்தப் பயம் போகட்டும் என்றுதான் இணுவிலில் எங்கள் தோட்டத்துப் பூசணிப் பூக்களைக் காட்டி, தேனீ வராவிட்டால் காய் இல்லை என்று சொல்லிக் கொடுத்தேன். புது இடம் தேடிப் போகும் கூட்டத்துக்குக் காக்க ஒரு கூடு இல்லை, சீண்டாமல் அசையாமல் நின்றால் லேசில் கொட்டாது என்றும் சொன்னேன்.

தன் பிள்ளையை ஏற்றிப் போக வந்த ஒருவர், காய்ந்த தென்னோலையில் பந்தம்போலச் சூள் கட்டி, தீப்பெட்டியோடு நின்றார்.

“விலகு பிள்ளை, கொளுத்திவிடுறன்.”

“வேண்டாம் மாமா. பிறகு உங்கடை பூசணிப் பூவுக்கெல்லாம் நீங்களே போய் மகரந்தம் பூசுவியள்?”

சுற்றி நின்ற ரியூசன் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “சைக்கிளும் எல்லோ எரியும்!” என்றான் ஒருவன்.

அதற்குள் எதிர்வீட்டு அம்மா, வீட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்த சாம்பிராணித் தட்டோடு படலையைத் திறந்து வந்துவிட்டார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் உயிரை எரிக்காதேங்கோ. நான் மெல்லமாக் கலைச்சுவிடுறன்.” மாலையில் கடிக்க வரும் நுளம்பைக் கலைக்கிற அதே கை வீச்சு. ஒரு வீச்சுத்தான். கூட்டம் முழுவதும் குப்பென்று எழும்பியது!

மகளைக் காணவில்லை. அவள் நின்ற இடத்தில் இரைச்சல் மட்டுமே சுழன்றது. நான் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

“அசையாதேங்கோ அப்பா! நீங்கள்தானே சொன்னனீங்கள்!”

நின்றுவிட்டேன். கண்ணை இறுக மூடியபடி அவள் சிலைபோல நிற்பது தெரிந்தது. என் காதோரம், தலைமேல், சட்டைமேல் எல்லாம் தேனீக்கள். நான் சொன்னதை அவள் முழுதாக நம்பியிருந்தாள். சொன்ன எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. மெல்ல மெல்ல இரைச்சல் தலைக்கு மேலே எழும்பிப் போனது. வேப்பமரத்துக்கு மேலால் ஒரு கரும்புகை போல அவை நல்லூர்க் கோயில் பக்கம் போயின. “போட்டுதுகள்!” என்று பிள்ளைகள் கைதட்டித் துள்ளினார்கள்.  பயந்த பிள்ளை பயத்தைக் கடந்ததைக் கண்ணால் பார்த்ததில் எனக்குப் பெரிய சந்தோசம்.

யாரோ வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மருந்துப் பையோடு ஸ்கூட்டரில் பறந்து வந்தாள் மனைவி. மகளின் முகம், கழுத்து, கை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“பிள்ளைக்கு ஒண்டுமில்லை. உங்கடை கழுத்தென்னப்பா இப்பிடி வீங்கிக் கிடக்கு?”