வாய் வைத்துக் குடிக்காத மனுஷன்

என் கணவருக்கு உணவுக் குழாயில் கட்டி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துக் கழுத்தோடு சேர்த்துத் தைத்தார்கள். தையல் ஒட்டிவிட்டதா, எங்காவது கசிகிறதா என்று ஒரு மருந்தைக் குடிக்க வைத்துப் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான் வாய்க்குத் தண்ணீர் என்றார் பெரிய டாக்டர். அதுவரை வயிற்றில் சொருகிய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. தாராவியில் முப்பது வருடம் பாத்திரக் கடையில் நின்று ஓயாமல் பேசிய மனிதர், உதட்டை நனைக்க ஈரப் பஞ்சுக்குக் கெஞ்சிக்கொண்டு கிடந்தார்.

ஒன்பதாம் நாள் படம் பிடிக்கக் கூப்பிட்டார்கள். நானும் உள்ளே வருகிறேன் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “எனக்கு இந்தி தெரியாதாக்கும்? மராட்டிக்காரங்களுக்குக் குடம் வித்தவன்ட்டி நான்” என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் சின்ன டாக்டர் வந்தார். கழுத்துப் பக்கம் மருந்து வெளியே கசிந்த மாதிரி படத்தில் தெரிகிறதாம். இன்னும் இரண்டு வாரம் வாயில் ஒரு சொட்டும் கூடாது, மறுபடி திறந்து பார்க்க வேண்டியும் வரலாம் என்று இந்தியில் படபடவென்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் கணவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு உடம்பு துடைத்துவிட்டேன். கழுத்துக் கட்டின் ஓரமும் மார்பும் பாகு பட்ட மாதிரி பிசுபிசுத்தன.

“இது என்னங்க?”

“அங்க குடிக்கக் குடுத்த மருந்து. கொஞ்சம் சிந்திட்டு.”

“எப்படிச் சிந்திச்சு?”

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைப்பதில்லை, தூக்கித்தான் குடிப்போம். ஆனால் கழுத்தில் கட்டோடு, நிமிரக்கூட முடியாமல், அந்த மெஷின் முன்னாலும் போய்த் தூக்கிக் குடிப்பாரா ஒரு மனுஷன்!

“யார் யார் வாய் வச்ச கப்போ” என்றார்.

“கவரைப் பிரிச்சுக் குடுக்கிற புதுக் கப்புங்க அது!”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதற்கு எனக்குத்தான் யாராவது மாலை போட வேண்டும். விடுவிடுவென்று நர்ஸ்கள் மேஜைக்குப் போய்ச் சின்ன டாக்டரைப் பிடித்தேன். கசிந்தது உள்ளே இல்லை, தூக்கிக் குடித்ததில் வெளியே சிந்தியது என்று எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் என்றால் எல்லோரும் வாயால்தானே குடிக்கிறார்கள் என்றார். அங்கிருந்த பாட்டிலை எடுத்து ஒரு முழம் உயரத்தில் பிடித்து மடமடவென்று என் வாயில் ஊற்றிக் காட்டினேன். நர்ஸ்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, பெரிய டாக்டருக்குப் போன் போட்டார்.

மறுநாள் கழுத்துக் கட்டை மாற்றி மறுபடி அழைத்துப் போனார்கள். இந்தத் தடவை எனக்கும் கதிர் படாமலிருக்க ஒரு ஈய அங்கியை மாட்டி உள்ளே விட்டார்கள். அதன் கனத்தில் தோள் இற்றுப்போனது. அவர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

“இன்னமும் எச்சிலா பாக்கீங்க?” என்று சீறினேன்.

“எச்சில் இல்லட்டி” என்றார் மெல்ல. “தூக்கி ஊத்துனா வேகத்துல எறங்கிரும். வாய் வச்சுக் குடிச்சு, பழையபடி நடுவுல நின்னுட்டுன்னா?”

ஆபரேஷனுக்கு முன்னால் ஆறு மாதமாக ஒவ்வொரு கவளமும் நெஞ்சில் நின்று அவரைப் படுத்திய பாடு எனக்குத் தெரியும். இதை நேற்றே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

“நின்னா நிக்கட்டும். நானும் இங்கதான நிக்கேன். குடிங்க.”

குடித்தார். திரையில் ஒரு கறுப்புக் கோடு கழுத்தில் இறங்கியது. தையல் போட்ட இடத்தில் கொஞ்சம் மெலிந்தது, பக்கத்தில் எங்கும் பரவாமல் நேராகக் கீழே போனது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “லீக் நஹீ ஹை”, கசிவு இல்லை என்று குரல் வந்தது.

மறுநாள் காலையிலிருந்து இரண்டிரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாம் என்று உத்தரவாயிற்று. வார்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு, பையிலிருந்த பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தேன்.

“எங்க போற?”

“சும்மாதான்.”

“வராண்டாவுல ஒளிஞ்சு தண்ணி குடிக்கத்தான? பத்து நாளா பாக்கேன். இங்கனயே உக்காந்து குடி.”

உட்கார்ந்து குடித்தேன். நான் முடிக்கும்வரை அவர் கண் என் தொண்டையை விட்டு நகரவில்லை.

“எப்படிட்டி இருக்கு?” என்றார்.

“தண்ணி மாதிரிதான் இருக்கு” என்று எரிந்து விழுந்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.