ராஜகுமாரி அக்காவின் ஜீப் போட்ட சத்தம்

ஒரு வண்டி எவ்வளவு சத்தம் போட்டால் குற்றம்? ராஜகுமாரி அக்கா இதைக் கேட்டது என்னிடம். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் உட்கார முடியாமல், அவருடைய ஜீப்பின் முன்சீட்டில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். "அட்டைக்கு ரத்தம் குடுத்தது போதும்" என்று ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, லைசென்ஸ் எடுத்து, பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். மலைமேல் அரவேணு கடைவீதிக்கும், எங்கள் எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் நடுவே ஓட்டுகிறார். ஹாரன் அடிக்க மாட்டார். தேவையும் இருக்கவில்லை, சைலன்சரில் அவ்வளவு பெரிய ஓட்டை. கீழ் வளைவில் ஜீப் உறுமினால் லயத்துப் பெண்கள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குவார்கள்.

வளைவுக்கு மேலே புதிதாக ஹோம்ஸ்டே திறந்தவர் அதைப் புகாராக எழுதிப் போட்டார். வாகன ஆய்வாளர் ஆறுமுகசாமி கடைவீதியில் ஜீப்பை நிறுத்தினார்.

"ஏனுங்கம்மா, இது ஜீப்புங்களா, கல்லு உடைக்கிற மெஷினுங்களா?"

"பழைய வண்டி சார். கொஞ்சம் பேசும்."

"இது பேச்சுங்களா? வெள்ளிக்கிழமை வண்டி சோதிக்கிற கிரவுண்டுக்குக் கொண்டாங்க. மீட்டர் வெச்சுப் பார்க்கோணும். அளவைத் தாண்டுச்சுன்னா வண்டி ரோட்டுக்கு வரக்கூடாதுங்க."

ஜீப் ரோட்டுக்கு வரவில்லை என்றால் அக்கா மறுபடியும் கூடையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். தேடிப் பார்த்தேன். சத்தத்தை டெசிபல் என்று அளக்கிறார்கள். சட்டம் சொல்லும் எல்லை வண்டியின் வகைக்கும், அது செய்யப்பட்ட வருடத்துக்கும் ஏற்ப மாறுகிறது.

மெக்கானிக் வசந்த்குமார் புது சைலன்சர் மாட்டினார். நான் போனில் சத்தம் அளக்கும் செயலியை ஏற்றினேன். எங்கள் பக்கம் சமமான இடம் என்றால் தேயிலை ஃபேக்டரி முற்றம் ஒன்றுதான். அங்கே வைத்து அளந்தோம். ஒரு சங்கடம்: ஜீப்பின் பேட்டரி சோம்பேறி. அக்கா எப்போதும் சரிவில் நிறுத்தி, உருட்டித்தான் ஸ்டார்ட் செய்வார். மலையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. சமதளத்தில் எஞ்சினை நிறுத்தினால் தொலைந்தோம். அதனால் நிறுத்தவே இல்லை.

நாங்கள் பயந்த மாதிரியே போன் எண்பது டெசிபலுக்குமேல் காட்டியது. வேறு சைலன்சர் மாட்டினோம். அப்போதும் எண்பதுக்குமேல்.

"டேய் வசந்து, நீ மாட்டினது சைலன்சரா, நாதஸ்வரமா?"

"அக்கா, வண்டி பூனையாட்டம் நிக்குதுங்க. போனுக்குத்தான் காது கோளாறு."

"ஏய் பிரியா, உன் போனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி."

வியாழக்கிழமை கரண்ட் போனது. ஜீப் ஓடிக்கொண்டே இருக்க, போனில் எண் சர்ரென்று அறுபதுகளுக்கு இறங்கியது. மூவரும் வாயைப் பிளந்து நின்றோம். ஃபேக்டரியில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். மாடியில் கொழுந்தை வாட்டும் பெரிய மின்விசிறிகள் மறுபடி இரைந்தன. எண் பழையபடி ஏறிவிட்டது. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே இருக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் அது கேட்டதே இல்லை!

அக்கா இடுப்பில் கை வைத்து மாடியை அண்ணாந்து பார்த்தார். "அட பாவி, இவ்வளவு நாளா கத்தினது நீயா?"

வெள்ளிக்கிழமை மூவரும் கிரவுண்டுக்குப் போனோம். லயத்துத் தபித்தாளும் வேலாயியும் வேடிக்கை பார்க்கப் பின்சீட்டில் ஏறி வந்தார்கள். ஆய்வாளர் மீட்டரை எடுத்தார்.

"மொதல்ல எஞ்சினை நிறுத்துங்கம்மா. சுத்துப்பட்டு சத்தத்தை அளந்துட்டுத்தான் வண்டியை அளக்கோணும்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "நிறுத்தியே ஆகணுமா சார்?"

நிறுத்தினார். கிரவுண்டு அமைதியானது. ஆய்வாளர் குறித்துக்கொண்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஜீப் இருமக்கூட இல்லை. நாங்கள் நால்வரும் தள்ளினோம். நகர்ந்தது, கிளம்பவில்லை. "தள்ளுங்கடி, கொழுந்து மூட்டைன்னு நினைச்சுத் தள்ளுங்க!" என்று அக்கா ஸ்டீயரிங்கிலிருந்து கத்தினார். கடைசியில் ஆய்வாளரும் மீட்டரைக் கீழே வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். ஜீப் உயிர் பெற்றது.

சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சாய்வாக மீட்டரை வைத்து, எஞ்சினை உறுமவிட்டு அளந்தார். தபித்தாள் கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

"அளவுக்குள்ளதான் இருக்குதுங்க" என்றார் ஆய்வாளர். "பேட்டரியை மாத்துங்கம்மா. என்ற தோள்பட்டைதான் அளவு மீறிப் போச்சு."

மறுநாள் காலை ஜீப் பூனைபோல் லயத்துக்கு வந்து நின்றது. ரோட்டில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குள் அந்தப் பழைய உறுமலுக்காகக் காத்திருந்தார்கள். ஹாரன் அடித்தால் அதற்கும் புகார் வருமோ என்று அக்கா யோசித்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"வேலாயீ! தபித்தா! வண்டி வந்திருச்சு, இறங்குங்கடீ!"

சில்வர் ஓக் மரத்திலிருந்து பறவைகள் எழுந்து பறந்தன. போனில் சத்த அளவைப் பார்த்தேன். ஓட்டை சைலன்சர்கூட அவ்வளவு கத்தியிருக்காது. ஹோம்ஸ்டேக்காரர் போர்வையோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"மீட்டரைக் கொண்டாரச் சொல்லுங்க சார்" என்றார் அக்கா. "ஜீப்பு பாஸாயிருச்சு. எனக்கு சைலன்சர் கிடையாது."

உங்களுக்குத் தெரிந்த யாருடைய வண்டியையாவது சத்தம் அதிகம் என்று நிறுத்தினால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். நிறுத்தியவருக்கும் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அணைப்பதற்கு முன்னால், தள்ளுவதற்கு ஆள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.