எல்லாத் தேதிக்கும் ஒரே வால்

தேவிப்ரியா ஜெயித்தவை இவை. இங்கிலீஷில் இருமுறை விழுந்து, மூன்றாம் முறை எழுந்து பத்தாம் வகுப்பைத் தாண்டியது. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த டிசைன் கூடத்தில் ஒரு நாற்காலி. கடைசியில், சேவூர் வீட்டில் சொந்தமாக அட்டை குத்தும் மெஷின். ஆரணியில் யாரும் இவற்றை அவளுக்குத் தாம்பாளத்தில் வைத்து நீட்டவில்லை. நீட்டியதெல்லாம் நாக்கைத்தான்.

அவள் வேலை பார்த்தது துரைக்கண்ணு முதலாளியிடம். கல்யாணப் புடவையின் முந்தானையில் மணமக்கள் பெயரையும் முகூர்த்தத் தேதியையும் இங்கிலீஷில் ஜரிகையால் நெய்து தருவது அவர் வியாபாரம். எழுத்துக்கு எழுத்து அட்டையில் துளை குத்தி, வரிசையாகத் தைத்துத் தறிமேல் ஏற்ற வேண்டும். துளை சொன்னபடிதான் இழை எழும்பும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பெயரும் எண்ணும் மாறும். எண்ணுக்குப் பின்னால் வரும் 'th' அட்டைகளை மட்டும் முதலாளி பிரிக்கவே விடமாட்டார். 2க்கும் அதே வால், 21க்கும் அதே வால். தப்பென்று அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்கிற சோம்பேறித்தனத்துக்கு அவர் அகராதியில் அனுபவம் என்று பேர்.

தேவிகாபுரத்து மணிமேகலைக்கு ஆகஸ்ட் 23 கல்யாணம். புடவை தேவிப்ரியாவின் அண்ணன் சம்பந்தம் நெய்கிற தறிக்கு வந்தது.

"இருபத்தி மூணுக்கு 'rd' வரணுங்க. புது அட்டை குத்திடறேன்."

"பேஜார் பண்ணாத பாப்பா. இருக்கிறத ஜல்தி ஏத்து. பொண்ணு மணவறைல குந்திகினு வாலையா பாத்துகினு இருக்கப்போவுது?"

"குதிரை கேட்டவங்களுக்கு எருமை வாலை ஒட்டித் தர்றீங்களே, முதலாளி."

கூடத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இங்கிலீஷ்ல ரெண்டு வாட்டி குட்டிக்கரணம் போட்டவ, எனக்கு சொல்லித் தர்றியா? புது அட்டை ஏறிச்சின்னா, நாற்காலிய காலி பண்ணிகினு போய்க்கினே இரு."

அந்த நாற்காலிக்காக அவள் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறாள். இன்னொரு கூடத்தில் பெண்ணுக்கு இடம் தரமாட்டார்கள் என்றும் அறிவாள். மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, இரண்டு எழுத்தையும் குத்தினாள். பழைய வாலைக் கத்தரித்துப் போட்டுவிட்டுப் புதியதைத் தைத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"துளையெல்லாம் சரி பாத்தியா?"

"பாத்துட்டேண்ணா."

வேறெதுவும் கேட்காமல் அண்ணன் ஏற்றினான்.

நெய்து முடித்த ஜரிகையைப் பிரித்தால் பட்டு பாழ். அது முதலாளிக்கும் தெரியும். புடவையைத் தடவிப் பார்த்தார், மடித்து எடுத்துக்கொண்டார், தேவிப்ரியாவை வெளியே போகச் சொன்னார். மானஸ்தர்! அந்த எழுத்து வேண்டியிருந்தது. குத்திய கைதான் வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கூடங்களும் அவளைக் கண்டதும் ஆள் வேண்டாமென்றன. வியாபாரத்தில் ஒருவன் காலை ஒருவன் வாரினாலும், ஒரு பெண்ணை வெளியே நிறுத்துவதில் எல்லோரும் பங்காளிகள்.

கழுத்துச் சங்கிலியை விற்று, பழைய மெஷின் ஒன்றை வாங்கி வீட்டில் போட்டாள். அந்த 'rd'யைக் குத்தியது யாரென்று விசாரித்துக்கொண்டு, முதல் வேலையாக மணிமேகலையின் நாத்தனார் கல்யாணப் புடவை வந்தது. துரைக்கண்ணுவின் கூடத்தில் அந்த ஒற்றை வால் இன்னும் எல்லாத் தேதிக்கும் பின்னால் ஆடிக்கொண்டிருக்கிறது.

அட்டைக் கட்டின் முதல் அட்டையில் முதலாளி பெயர் மட்டுமே இருக்கும். குத்தியவர் பெயரை எழுதுகிற வழக்கம் கிடையாது. தேவிப்ரியா பேனாவை எடுத்து, அந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். கீழே தேதி: 22nd January 2025.