சிடி சொன்ன நோன்பு

மெயில் குழு நண்பர்களே, இன்று மதியம் என் மனைவி நோன்போடு மயங்கி விழுந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

தப்பு என்னுடையது. மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் என்று ஒரு சிடி வாங்கி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு, 'ரமலான் நோன்பு கட்டாயமா?' என்று கேட்டிருந்தேன். 'கட்டாயம்' என்றது. அதை அப்படியே அவளிடம் சொல்லிவிட்டேன்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அம்பத்தூரில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குப் போய், அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் என் வயதுதான்.

"மாசமா கீறாங்கன்னு அதுகிட்ட சொன்னீங்களா பாய்?"

"இல்ல ஹஜ்ரத்."

"அதுவாச்சும் கேட்டுச்சா?"

"இல்ல."

"நான் மொதல்ல அதத்தான் கேட்டிருப்பேன். உடம்புக்கு ஆவாதுன்னா இப்ப வுட்டுட்டு, அப்புறமா நோன்பு வச்சிக்கலாம்."

கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு நாள் அதுவும் நம்மள மாதிரி விசாரிச்சிக் கேக்கக் கத்துக்குமா பாய்? அப்புறம் என்கிட்ட யாரு வருவாங்க?"

தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகையில் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். குழுவில் பாதிப் பேர் கம்ப்யூட்டர்காரர்கள். வெள்ளிக்குள் யாராவது பதில் எழுதுங்கள். அவர் நிம்மதியாகத் தூங்கும்படியான பதிலாக இருந்தால் நல்லது.