பரண் இல்லாத வீடு

எங்கள் தீவில், கராச்சர்மாவில் வீடு கட்டியபோது எனக்கும் என் கணவருக்கும் நடந்தது ஒரே ஒரு சண்டைதான். பரண் சண்டை. வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், கைப்பிடி தெரியாத அலமாரி, காலியான ஹால். இவ்வளவுதான் நான் இன்ஜினியரிடம் கேட்டது. பரணும் ஸ்டோர் ரூமும் கூடவே கூடாது என்றேன். அரசுக் குடியிருப்பில் அரிசி மூட்டைக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடுவே படுத்து வளர்ந்தவள் நான். கண்ணில் எதுவும் இடறாத வீட்டில் ஒருமுறையாவது வாழ்ந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

அவருக்கு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், கப்பல் அலுவலகத்தில் வேலை. எந்தக் கப்பல் வராது என்பது ஊருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"மெயின்லேண்டுலேர்ந்து ஷிப் லேட்டாச்சுன்னா வெங்காயத்துக்கு எங்க போவே? தோடா ஜகா, கொஞ்சம் இடம் விட்டாப் போதும்."

"வீட்டை கோடவுன் ஆக்காதீங்க."

சிறுவயதில் வடக்கே ரங்கத் என்ற ஊரில், மழையில் சாலையும் கப்பலும் நின்றுபோய், நாள்கணக்கில் மரவள்ளிக்கிழங்கையே தின்றவர் அவர். அது தெரிந்தும் நான் மசியவில்லை. கடைசியில், "வீட்டுக்குள்ள ஒண்ணும் வைக்கமாட்டேன், போ" என்று விட்டுக்கொடுத்தார்.

வீடு நினைத்தபடியே அமைந்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமானெல்லாம் இன்னும் ஷிப்லயா இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. போர்ட்டிகோவில் கார் நிற்க, மனிதர் தினமும் ஸ்கூட்டரில் போய்த் தொப்பலாக நனைந்து வந்தார். கேட்டால், பார்க்கிங் கிடைக்காது என்பார். ஒருநாள் காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கார்ச் சாவியை எடுத்தேன்.

"கார் வேணாம். ஆட்டோ கூப்பிடு."

கேட்காமல் போய்க் கதவைத் திறந்தேன். வெங்காய வாடை முகத்தில் அடித்தது. பின்சீட்டு முழுக்கச் செய்தித்தாள் விரித்து, வெங்காயத்தை அழுகாமல் பரப்பி வைத்திருந்தார். கீழே அரிசி, பருப்பு, பால்பவுடர், மெழுகுவத்தி.

பின்னாலேயே வந்து நின்றவர், "வீட்டுக்குள்ள வைக்கலியே" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினேன். வளைவுக்கு வளைவு பின்னால் வெங்காயம் உருண்டது.

ஊசி போட்டுத் திரும்பியதும், எல்லாவற்றையும் நானே தூக்கிவந்து ஹாலில் வெள்ளைச் சுவரை ஒட்டி அடுக்கினேன். போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "ஷிப் வர்ற வரைக்குமா?" என்றார்.

"கொத்தனார் வர்ற வரைக்கும்" என்றேன்.