பெண் பார்க்கப் போன மாமா பிடித்து வந்த மீன்

ஞாயிற்றுக்கிழமை என் கடையில் வந்து பாருங்கள். மும்பையில் சயான் பக்கம் வண்ணமீன் கடை என்றால் ஆட்டோக்காரர் நேராக என் வாசலில் இறக்கிவிடுவார். அன்றைக்கு வருகிறவர்கள் தங்கமீன் வாங்குகிற கூட்டம் இல்லை. கையில் போன், முதுகில் பை, கண்ணாடி போட்ட இளைஞர்கள். கட்டைவிரல் நீளமுள்ள குள்ளச் சிக்லிட் மீனுக்காக நவிமும்பையிலிருந்து ரயிலேறி வருகிறார்கள். அதுவும் பண்ணையில் வளர்ந்தது அவர்களுக்கு ஆகாது, ஆற்றில் பிடித்ததாக இருக்க வேண்டும். "அங்கிள், இது வைல்ட் தானே? பக்கா?" என்று கேட்டுவிட்டு, மீனைப் படம் பிடித்து எங்கோ அனுப்புவார்கள். அங்கிருந்து ஒருவன் இது அந்த ஆற்று மீன் இல்லை, பக்கத்து ஆற்று மீன் என்பான். என் கடையில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷில் என் கடைப் பெயரை மட்டும்தான் எழுதுவேன். ஆனால் துடுப்பைப் பார்த்து மீனின் சாதி சொல்ல எனக்குப் போன் வேண்டாம். யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்காமல், யார் தயவும் இல்லாமல், இந்த இரண்டு கையால் வளர்ந்தவன் நான். இதை அந்தப் பையன்களிடம் சொல்வேன். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டே மீனைப் பார்ப்பார்கள்.

அந்தச் சண்டையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தாராவி வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வரும்.

எங்கள் வீடு ஒரே அறை. வாப்பா துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பு உடைந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை. உம்மா, நான், என் இரண்டு தங்கைகள், கூடவே உம்மாவின் தம்பி. மாமா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தார். பகலெல்லாம் தோல், சாயங்காலம் மீன். அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

மாமாவுக்கு மீன் விஷயத்தில் இரண்டு கூட்டாளிகள். ஒருவர் மாட்டுங்காவில் குடியிருந்த வங்கி குமாஸ்தா. நாங்கள் அவரை சார் என்போம். அவரிடம் படம் போட்ட தடிமனான இங்கிலீஷ் மீன் புத்தகம் இருந்தது. இன்னொருவர் அணுசக்தி நகரில் டெக்னீஷியன், மாமாவுக்கு அவர் அண்ணாச்சி. பூதக்கண்ணாடியும் மருந்துப் பாட்டில்களும் அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் மூவரும் வலையோடு பன்வேல் பக்கத்து வயல் ஓடைகளுக்குப் போய், கிடைத்ததைப் பிடித்து வந்து, இது என்ன மீன் என்று வாரக் கணக்கில் பேசுவார்கள். இத்தனை படித்தவர்கள் ஏன் எங்கள் கல்லிச் சந்துக்கு வந்தார்கள் என்றால், மாட்டுங்காவில் காசு கொடுத்தாலும் கிடைக்காத மீன்தீனியான செம்புழு எங்கள் வாசல் சாக்கடையில் கொத்துக் கொத்தாக விளைந்தது. அதை அள்ளிக் கழுவிக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அந்த வருஷம் மாமாவுக்கு ஊரில் பெண் பேசினார்கள். உம்மா புதுச்சட்டை எடுத்துக் கொடுத்து, ரயிலேற்றிவிட்டாள். பெண் வீட்டார் காயல்பட்டினத்தில் கடை வைத்திருந்தவர்கள். தேதி குறித்துக்கொண்டு, அல்வாப் பெட்டியோடு வருவார் என்று வீடே காத்திருந்தது.

மாமா ஒரு பிளாஸ்டிக் கேனோடு வந்தார்.

உம்மா கேனைத் திறந்து பார்த்தாள். உள்ளே பச்சையும் சாம்பலுமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் மீன்கள் இரண்டு நின்றன. மாமா தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்தாராம். வழி நெடுக வண்டி நின்ற இடத்திலெல்லாம் தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றிக் காற்று ஏற்றிக்கொண்டே வந்தாராம்.

"பொண்ணு பாக்க அனுப்பிச்சா மீனப் புடிச்சிட்டு வந்திருக்கான். கொழம்பு வைக்கவாச்சும் ஆவுமா இது?" என்றாள் உம்மா.

"ஆவாது லாத்தா," என்றார் மாமா தன் அக்காளிடம்.

பெண் என்ன ஆயிற்று என்று அவள் கேட்டதற்கு, சரிப்பட்டு வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, இரும்புச் சட்டம் போட்ட தன் கண்ணாடித் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து மாப்பிள்ளை கொண்டுவந்த மணப்பெண் எங்கே என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பயணத்தில் அவருக்கு மிஞ்சியது அந்த இரண்டு மீன்தான். பட்டறைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவை செத்துவிட்டால் மாமா என்ன ஆவார் என்று எனக்கே பயமாக இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வந்து மீனைப் பார்த்தார்கள். ஊரில் இதற்குச் செல்லக்காசு என்று பேர் என்றார் மாமா. அந்தப் பேர் சாருக்குப் போதவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். படத்திலிருந்தது ஆரஞ்சு நிறம், உடம்பில் கரும்பொட்டு. எங்கள் மீனோ பாசி பிடித்த கல் மாதிரி இருந்தது. இதுவரை யாரும் பேர் வைக்காத மீனாக இருக்குமோ என்று சாரின் குரலே மாறிவிட்டது. அண்ணாச்சி நிதானமாக, நிறத்தை நம்பக் கூடாது, முள்ளை எண்ண வேண்டும் என்றார். இந்தச் சிக்லிட் சாதியில் அமெரிக்க மீனுக்கு அடித்துடுப்பில் முள் கொஞ்சம், நம் பக்கத்து மீனுக்கு நிறைய. ஆனால் பூதக்கண்ணாடி வைத்தும் இருவருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வயதில் என் கண் ஊசிக் கண். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இரண்டு கை விரலும் போதவில்லை. அண்ணாச்சி தொடையைத் தட்டினார். ஆரஞ்சுப் படத்து மீன்தான் இது, பயணத்தில் வெளிறியிருக்கிறது என்று முடிவாயிற்று. சார் ஏமாற்றத்தோடு புத்தகத்தை மூடினார். பேர் தெரிந்த பிறகு அடுத்த பக்கத்தைப் படிக்க அவருக்கு மனமில்லை.

கல்லுப்பு கொஞ்சம் போட்டதும் மீன்கள் தேறின. சொன்னபடியே மஞ்சளேறி ஆரஞ்சாயின. பிறகு சில வாரம் கழித்து, அடிவயிறு கரிப்பிடித்த மாதிரி கறுத்தது. இரண்டும் தொட்டிக்குள் கிடந்த உடைந்த சட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. மாமா முகம் வாடிவிட்டது. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். மீன்களின் விலாவில் பொடிப்பொடியாக என்னவோ ஒட்டியிருந்தது.

"மாமா, மீனுக்குப் பேன் புடிச்சிருக்கு," என்றேன்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியும் பார்த்துவிட்டு, பையன் சொன்னது சரி, ஆற்று மீன் என்றால் பூச்சியோடுதான் வரும், வந்த அன்றே மருந்துத் தண்ணீரில் முக்கியிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார். அது அவர்கள் எல்லோரும் கும்பிட்ட விதி. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, பெர்மாங்கனேட் தூளைக் கரைத்தார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது.

மாமா ஆண் மீனை வலையில் ஏந்தினார். ஏந்தும்போதே அதன் மேலிருந்த பேன்கள் உதிர்ந்தன. மீன் பக்கெட்டுக்குப் போனது. நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதிர்ந்த பேன்கள் கீழே விழவில்லை. ஒரு சின்னப் புகை மாதிரி சேர்ந்து, ஒரே பக்கம் திரும்பி, பெண் மீனைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டன. அது முதுகு முள்ளை விரித்துக்கொண்டு என் விரல் வைத்த இடத்தில் கண்ணாடியை முட்டியது.

"மாமா, பேனுக்குக் கண்ணு இருக்கு."

"பேனுக்கும் கண் உண்டுலே," என்றார் அண்ணாச்சி, தூளை மூடிக்கொண்டே.

"வாலும் இருக்கு. நீந்துது."

சார் அண்ணாச்சியின் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக் குனிந்தார். நிமிரவே இல்லை. "குழந்தை சொல்றது சரி. இதெல்லாம் குஞ்சுதான், பேன் இல்லை," என்றார்.

மாமா சட்டைக் கையை மடிக்கக்கூட இல்லை. பக்கெட்டில் கையை விட்டு மீனை அள்ளினார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நல்ல தண்ணீர்ச் சட்டியில் அதை இரண்டு விரலால் பிடித்து, செவுளில் தண்ணீர் ஓட முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தார். படுக்கையிலிருந்த வாப்பாகூட முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தார். எவ்வளவு நேரமோ. பிறகு செவுள் தானாகத் திறந்தது, வால் மாமாவின் விரலைத் தட்டியது.

தொட்டியில் விட்டதும் குஞ்சுகள் பாதி அதன் மேல் திரும்பி வந்து ஒட்டின. கொத்திக் கொத்தி எடுத்தன. சார் அன்றைக்கு மூடிய பக்கத்துக்கு அடுத்ததைப் படித்து, தமிழில் சொன்னார். முட்டையிடும் காலத்தில் வயிறு கறுக்குமாம். தாய் தகப்பன் மேலே ஊறுகிற வழுவழுப்பைத் தின்றுதான் குஞ்சு வளருமாம். அதனால்தான் அவை பெற்றவர்களை விட்டு விலகவில்லை.

எனக்கு அதிசயமாக இருந்தது. மருந்தில் கிடந்து வந்த உடம்பையா தின்கின்றன? மாமாவிடம் கேட்டேன், "அதுக்கு வலிக்காதா?"

மாமா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்தபடியே, "வலிச்சா நீந்திப் போயிருக்கும்லா மருமவனே," என்றார்.

உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். வாப்பா சுவரைப் பார்த்துப் படுத்தார். பெர்மாங்கனேட் நெடி இருவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

பெண் வீட்டார் மாமாவுக்குத் தங்கள் கடையைத் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதும், தாராவியை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், அக்காள் குடும்பம் தன் வழியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தார்கள் என்பதும், மாமா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டார் என்பதும், என் கல்யாணப் பேச்சு வந்தபோது உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமாவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது.

என் முதல் கடைக்கு வந்த முதல் தொட்டி, இரும்புச் சட்டம் போட்ட அந்தப் பழைய தொட்டிதான். யார் தயவும் இல்லாமல் வளர்ந்தவன் என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறேன். மாமா கடையில் உட்கார்ந்திருக்கும் நாளில் மட்டும் சொல்வதில்லை.

அன்றைக்கு நான் கேட்ட கேள்வி யாரைப் பற்றியது என்று அந்த அறையில் இருந்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. கேட்ட எனக்குத்தான் தெரியவில்லை. பதில் கிடைத்த திருப்தியில், மீனுக்குப் பசிக்குமே என்று டப்பாவை எடுத்துக்கொண்டு செம்புழு அள்ள வாசலுக்கு ஓடினேன்.