யூடித்தாவுக்குச் சேராமல் போன நாலு வரி

ஜெல்மீரா முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், லிப்தோ மலைப்பகுதியில் இருந்த தன் ஊர்த் தேவாலய அலமாரியில் கிடந்த பழைய நோட்டுகளைக் கையில் எடுத்தாள். அந்தக் காலத்தில் ஆர்கன் வாசித்த வாத்தியார்தான் ஊருக்குக் கவிஞரும். கல்யாணம், காலண்டரில் அவரவர் பெயருக்கென்று வரும் பெயர் நாள், சாவு, எதுவானாலும் பாட்டு கட்டித் தருவார். சாவுப் பாட்டில் பேசுவது இறந்தவரே. சவப்பெட்டியை முற்றத்தில் இறக்கி வைத்ததும், சுற்றி நிற்பவர்களைப் பெயர் சொல்லி அழைத்து ஒவ்வொருவரிடமும் விடைபெறுவார். குரல் மட்டும் வாத்தியாருடையது.

அவற்றை இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கேற்ற புத்தகமாக்க வேண்டும். காயத்துக்குக் கட்டு மாற்றுகிற கையோடு வேலை செய்தாள். மங்கிய சொற்களை மாற்றினாள். ஞானத்தாய், மைத்துனி, பக்கத்து வீட்டுக்காரர் என்று நீண்ட பெயர் வரிசைகளை வெட்டி எறிந்தாள். இத்தனை பெயர் யாருக்கு வேண்டும்?

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம் அதே ஊர் யூடித்தா ஊன்றுகோலோடு வந்து நின்றாள். எண்பத்தாறு வயது.

"முப்பத்தாறாம் வருஷத்து நோட்டு உன்கிட்ட இருக்காமே?"

"இருக்கு அத்தை. முதல்ல உட்காருங்க. கால் வீங்கியிருக்கு."

"கால் கிடக்கட்டும். எங்கம்மா பாட்டுல என் பேர் இருக்கா? அதைச் சொல்லு."

அம்மா செத்தபோது அவளுக்கு ஐந்து வயது, உடம்பெல்லாம் அம்மை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். பெட்டி அருகே நிற்காதவர்களை வாத்தியார் அழைப்பதில்லை. "அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனா, உன்கிட்ட மட்டும் சொல்லல" என்று அண்ணன் மிஹால் சாகும்வரை சீண்டிக்கொண்டே இருந்தான்.

ஜெல்மீரா தட்டச்சு செய்த தாளைப் பார்த்தாள். இல்லை. சொல்லத்தான் வாயெடுத்தாள். நோயாளியைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும் டாக்டர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. எழுந்துபோய் மூல நோட்டைக் கொண்டுவந்தாள்.

ஓரத்தில் பென்சிலில் நாலு வரி. சந்தம் நொண்டியது. பின்னால் யாரோ சேர்த்தது என்று நினைத்து அவளே நீக்கியிருந்தாள். கையெழுத்தை இப்போது மற்ற வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். வாத்தியாருடையதேதான்; அவசரத்தில் எழுதியது. மெல்லிய குரலில் படித்துக் காட்டினாள்.

"அம்மையில் கிடக்கும் என் யூடித்தா,
உன்னை முத்தமிடாமல் போகிறேன்.
இங்கே நிற்பவர்களே, யாராவது
இதை அவளிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்."

யூடித்தா மேசைத்துணியை நீவிவிட்டாள்.

"ஒரு பயலும் வந்து சொல்லலையே."

"நான் சொல்லிட்டேனே, அத்தை."

"இப்படி முணுமுணுத்தா? அந்த மனுஷன் போட்ட சத்தம் ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்னு சொல்வாங்க. எந்திரிச்சு நின்னு படி."

ஜெல்மீரா எழுந்து நின்று, வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும் அந்தப் பழைய குரலில் படித்தாள். படித்து முடித்ததும் யூடித்தாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். சீராகவே இருந்தது.

"நாளன்னைக்கு எல்லாரும் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டு போவாங்கல்ல? அதை எழுதிக் குடு. மிஹால் தலைமாட்டுல நின்னு படிக்கணும். கேட்டுக்கட்டும், கழுதை."

ஜெல்மீரா பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். யூடித்தா போனதும், தான் வெட்டிய பெயர்களை எல்லாம், ஞானத்தாய் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை, ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க உட்கார்ந்தாள்.